பழைய டிவிக்குப் பதில் புதிய டிவி: வடசென்னை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் என் அம்மா பத்தாண்டுகளாகப் பார்த்துவந்த டிவி, ஒரு நாள் மாலை செய்தி நேரத்தில் படத்தை நிறுத்திவிட்டு ஒலியை மட்டும் தந்துகொண்டிருந்தது. அன்றிரவே கடைக்குப் போய், சுவர் முழுக்க மின்னிக்கொண்டிருந்த திரைகளில் அழகாகத் தெரிந்த ஒன்றை வாங்கி வந்தோம். மறுநாள் கேபிள் இணைப்பைக் கொடுத்ததும் முகங்களெல்லாம் மெழுகு பூசியதுபோல் மங்கித் தெரிந்தன. அம்மா கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் டிவி மாட்டப்பட்டிருந்தது. தமிழ்ச் செய்தி வாசிப்பவரின் குரல் தெருச் சத்தத்தில் அமுங்கிப் போனது. டிவியில் எந்தக் குறையும் இல்லை. எங்கள் வீட்டை அளக்காமலும், வீட்டுக்கு வரும் சிக்னலை விசாரிக்காமலும் கடைக்குப் போனதுதான் எங்கள் தவறு. அதன்பின் உறவினர்கள், அக்கம்பக்கத்தினர் என்று பலருடன் டிவி வாங்கத் துணைக்குப் போயிருக்கிறேன். கடையில் நிற்கும் ஒரு மணி நேரத்தைவிட, போவதற்கு முன் வீட்டில் செலவிடும் ஒரு மாலைப்பொழுதுதான் சரியான டிவியைத் தேர்ந்து கொடுக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் கண்டேன். ஆகவே இந்த வழிகாட்டியும் வீட்டிலிருந்தே தொடங்குகிறது.

பழையது உண்மையிலேயே போய்விட்டதா?

ஒலி வருகிறது, படம் வரவில்லை என்றால், அறையை இருட்டாக்கிவிட்டுத் திரைக்கு மிக அருகில் டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே மங்கலாக உருவங்கள் அசைவது தெரிந்தால், படத்தை உருவாக்கும் திரைத் தகடான பேனல் நன்றாக இருக்கிறது, அதற்குப் பின்னால் எரியும் விளக்கான பேக்லைட் மட்டும் போயிருக்கிறது என்று பொருள். பேக்லைட் பட்டைகளை மாற்றுவது அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவருக்கு வழக்கமான வேலை. அதற்கான செலவு புதிய டிவியின் விலையில் ஒரு சிறு பகுதியாகவே இருக்கும். டிவிக்கு உயிரே இல்லை, சிவப்பு விளக்கும் எரியவில்லை என்றால், பெரும்பாலும் பவர் போர்டில் உப்பிப்போன கெப்பாசிட்டரோ வெடித்துப்போன பியூஸோ காரணமாக இருக்கும், அதையும் சரிசெய்துவிடலாம். திரையில் செங்குத்தான கோடுகள் நிலையாக நின்றாலோ, அடிபட்டு மை சிந்தியதுபோல் கறுப்புத் திட்டு பரவினாலோ, அது பேனல் கோளாறு. பேனலை மாற்றும் செலவு பெரும்பாலும் புதிய டிவியின் விலையை நெருங்கிவிடும் என்பதால், அங்கே பழுதுபார்க்கும் பேச்சை விட்டுவிடலாம்.

இன்னொரு நிலையும் உண்டு. படம் தெளிவாக இருக்கிறது, ஆனால் டிவி மெதுவாகிவிட்டது, செயலிகள் திறக்க மறுக்கின்றன என்பதற்காகவே பலர் டிவியை மாற்றுகிறார்கள். படத்தையும் ஒலியையும் ஒன்றாக வாங்கும் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகி, இணையம் வழியாகப் படம் காட்டும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை வாங்கினால் அந்தக் குறை தீர்ந்துவிடும். இதை முதலில் செய்து பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

அளவை முடிவு செய்ய வேண்டிய இடம் உங்கள் சுவர்

டிவியின் அளவாகச் சொல்லப்படும் அங்குலம் திரையின் மூலைக்கு மூலையான நீளம். அகலம் அதைவிடக் குறைவு. 32 அங்குலத் திரை ஏறத்தாழ 71 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் கொண்டது. 43 அங்குலத்துக்கு 95க்கு 54, 50 அங்குலத்துக்கு 111க்கு 62, 55 அங்குலத்துக்கு 122க்கு 68, 65 அங்குலத்துக்கு 144க்கு 81 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவுக்குப் பழைய செய்தித்தாள்களை ஒட்டிச் சுவரில் டேப் போட்டு மாட்டிவிட்டு, இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். பீரோக் கதவு திறக்கிறதா, பூஜை அலமாரிக்கு இடைஞ்சலாகிறதா, பகலில் எதிர்ச் ஜன்னலின் வெளிச்சம் நேராக அந்த இடத்தில் விழுகிறதா என்பதையெல்லாம் அந்தத் தாள் சொல்லிவிடும்.

அடுத்து, உட்காரும் இடத்திலிருந்து சுவர் வரை உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 4கே எனப்படும் மிக நுண்ணிய புள்ளிகள் கொண்ட திரைக்கு அங்குல அளவை ஒன்றரையால் பெருக்கினால் வசதியான தூரம் அங்குலத்தில் கிடைக்கும்: 43 அங்குலத்துக்கு ஏறத்தாழ ஐந்தரை அடி, 55 அங்குலத்துக்கு ஏழு அடி. வண்ணாரப்பேட்டையிலும் இராயபுரத்திலும் உள்ள பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளின் கூடத்திலும், குடியிருப்பு வாரிய அடுக்குமாடி வீடுகளிலும், எட்டடிக்கு மேல் தள்ளி உட்காரும் வாய்ப்பு பலருக்கு இல்லை. அத்தகைய வீட்டுக்கு 43 அங்குலமே நிறைவாகப் போதும் என்பது என் கருத்து. பெரிய திரை ஆசை தவறில்லை. ஆனால் ஆறடித் தூரத்தில் உட்கார்ந்து சாதாரணக் கேபிள் சேனலை 55 அங்குலத்தில் பார்ப்பது கண்ணுக்குச் சுகமாக இருக்காது.

மாட்டும் உயரத்தையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். திரையின் நடுப்பகுதி, பார்ப்பவரின் கண் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்று மேலே இருக்க வேண்டும். நாற்காலியில் உட்காருபவருக்கு அது தரையிலிருந்து சுமார் 105 செ.மீ.; பாய் விரித்துத் தரையில் உட்காருபவருக்கு 75 முதல் 80 செ.மீ. பொருத்த வரும் ஊழியர் நின்றுகொண்டே குறி போடுவதால், அவர் உயரத்துக்கு ஏற்பவே டிவி மேலே போய்விடுகிறது. எங்கள் வீட்டில் நடந்ததும் இதுவே. நடுப்புள்ளியைச் சுவரில் பென்சிலால் குறித்து வைத்துவிட்டால் இந்தத் தவறுக்கே இடமில்லை. தண்ணீர் ஏறும் தெருக்களில் மட்டும் வேறு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைப் பகுதிகளில் தண்ணீர் ஏறிய தரைத்தள வீடுகளில் இருப்பவர்கள், மேசை மீது வைப்பதைத் தவிர்த்துச் சுவரில் மாட்டுவதே நல்லது; பிளக் பாயிண்ட்டையும் செட்டாப் பாக்ஸ் தட்டையும்கூட அந்த உயரத்துக்கே ஏற்றிவிட வேண்டும்.

மாடிப்படியையும் ஒருமுறை அளந்து பாருங்கள். 55 அங்குல டிவியின் பெட்டி ஏறத்தாழ நாலரை அடி நீளம் இருக்கும். அதை நிமிர்த்தியே தூக்க வேண்டும். படுக்க வைத்தாலோ சாய்த்து வளைத்தாலோ பேனலுக்கு ஆபத்து. குறுகிய திருப்பமுள்ள படிக்கட்டில் அது திரும்புமா என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு வரும் சிக்னல்

கடையில் ஓடும் படம், டிவியின் திறமையைக் காட்டவென்றே எடுக்கப்பட்ட 4கே காட்சி. நம் வீட்டுக்குக் கேபிள் வழியாக வரும் சாதாரணத் தர (எஸ்.டி.) சேனலில் ஒரு படச்சட்டத்துக்கு 720க்கு 576, அதாவது நான்கு லட்சத்துச் சொச்சம் புள்ளிகளே உள்ளன. 4கே திரையிலோ 3840க்கு 2160 என்று ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். அதாவது திரையில் தெரியும் இருபது புள்ளிகளில் ஒன்றுதான் உண்மையில் வந்து சேர்கிறது; மற்றவற்றை டிவி தானே ஊகித்து நிரப்புகிறது. அம்மாவின் டிவியில் முகங்கள் மெழுகாகத் தெரிந்ததற்கு இதுவே காரணம். மலிவான டிவிகளுக்கும் நல்ல டிவிகளுக்கும் இடையிலான பெரிய வேறுபாடு இந்த ஊகத்தின் தரத்தில்தான் இருக்கிறது. அது கடையின் காட்சிப் படத்தில் தெரியவே தெரியாது.

ஆகவே வீட்டில் இருப்பது எஸ்.டி. பெட்டியா, கூடுதல் தெளிவு தரும் எச்.டி. பெட்டியா என்று கேபிள்காரரிடம் கேளுங்கள். எச்.டி. பெட்டிக்கு மாறச் சிறிது கூடுதல் தொகை ஆகலாம். பல வீடுகளில் புதிய டிவியைவிட அந்த மாற்றமே படத்தை அதிகமாகத் தெளிவாக்கும். பெட்டியிலிருந்து டிவிக்கு வருவது எச்.டி.எம்.ஐ. வயரா, மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய ஏ.வி. வயரா என்பதைப் பின்பக்கம் எட்டிப் பார்த்து, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய டிவிகள் சிலவற்றில் ஏ.வி. துளையே இருப்பதில்லை, சிலவற்றில் தனி இணைப்பான் வேண்டியிருக்கிறது. வைஃபை வழியாகப் படம் பார்ப்பவர்கள், டிவியில் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். நெருக்கமான தெருக்களில் பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள் எல்லாம் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முட்டி மோதுவதால், அதில் மட்டும் இயங்கும் டிவியில் படம் நின்று நின்றுதான் ஓடும்.

திரை வகைகள், சுருக்கமாக

எல்.இ.டி. என்று விற்கப்படுபவை, பின்னால் எல்.இ.டி. விளக்கு எரியும் எல்.சி.டி. திரைகளே. கியூ.எல்.இ.டி. என்பதும் அதே திரைதான். நிறத்தைச் செறிவாக்கும் குவாண்டம் டாட் படலம் ஒன்று கூடுதலாக உண்டு. மினி எல்.இ.டி.யில் பின்விளக்குகள் சிறியவையாகவும் பல பகுதிகளாகவும் பிரிந்திருப்பதால் இருட்டுக் காட்சிகளில் கறுப்பு கறுப்பாகவே தெரியும். ஓ.எல்.இ.டி. திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. இரவில் திரைப்படம் பார்ப்பவர்களுக்கு அதற்கு இணை இல்லை. ஆனால் சேனல் சின்னமும் செய்தி ஓடும் பட்டையும் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் வீட்டில், நாளடைவில் அந்தத் தடம் திரையில் தங்கிவிடக்கூடும். காலையிலிருந்து இரவு வரை செய்தியும் தொடரும் ஓடும் வீட்டுக்கு நான் ஓ.எல்.இ.டி.யைப் பரிந்துரைப்பதில்லை.

ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் என்பதற்காகப் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எச்.டி.ஆர். என்ற சொல்லுக்கு மட்டும் கூடுதல் பணம் தராதீர்கள். திரைக்குப் போதிய ஒளிர்வு இல்லாவிட்டால் அந்தச் சொல்லால் பயன் எதுவும் இல்லை. ஸ்மார்ட் டிவியில், செயலிகள் தடையின்றி ஓடத் தேவையான ரேம் நினைவகம் 2 ஜி.பி.க்குக் குறைந்ததை வாங்க வேண்டாம்.

எப்போது வாங்குவது

2025 செப்டம்பர் 22 முதல், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. 32 அங்குலமும் அதற்குக் கீழும் உள்ளவற்றுக்கு ஏற்கெனவே 18 விழுக்காடுதான். எனவே 32க்கும் 43க்கும் இடையே முன்பு இருந்த வரி இடைவெளி இப்போது இல்லை. பழைய விலையை மனத்தில் வைத்துக்கொண்டு சிறிய திரையோடு நின்றுவிட வேண்டியதில்லை.

ஆடி, தீபாவளி, பொங்கல் தள்ளுபடிகள் உண்மையானவையா என்று அறிய ஒரே வழி, குறிப்பிட்ட மாடல் எண்ணின் விலையை மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பிருந்தே குறித்து வருவதுதான். மாடல் எண்ணின் கடைசி எழுத்து வரை ஒத்துப் பாருங்கள். ஒரே பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தாலும் உள்ளே பேனலும் ஸ்பீக்கரும் வேறாக இருக்கலாம். புதிய ஆண்டின் மாடல் வந்தவுடன் முந்தைய ஆண்டு மாடலின் விலை இறங்கும். அதை வாங்குவதில் தவறில்லை, பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

மின்சாரக் கணக்கையும் போட்டுவிடுங்கள். 100 வாட் டிவி ஒன்று நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்ற வரம்பை ஒட்டி வாழும் குடும்பத்துக்கு இது சிறிய எண் அன்று.

கடையில்

பெரம்பூரிலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் உள்ள பெரிய கடைகளுக்கு ஞாயிறு மாலையில் போகாதீர்கள். வேலை நாளில், காலை பதினொரு மணிக்குப் போனால் ஊழியர் பொறுமையாக எல்லாவற்றையும் காட்டுவார். பார்க்கப்போகிறவர் யாரோ அவரையும் அழைத்துச் செல்லுங்கள். ரிமோட்டில் உள்ள எழுத்து அம்மாவுக்குப் படிக்க முடிகிறதா என்பதை அம்மாதான் சொல்ல முடியும்.

கையில் ஒரு பென் டிரைவ் இருக்கட்டும். அதில் மூன்று பொருள்கள் போதும்: முழுச் சாம்பல் நிறப் படம் ஒன்று, முழுக் கறுப்பும் முழு வெள்ளையுமாக இரு படங்கள், நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் தமிழ் நிகழ்ச்சியின் சாதாரணத் தரக் காட்சி ஒன்று. முதலில் டிவியைக் கடைக்கான நிலையிலிருந்து வீட்டுக்கான நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். கடை நிலையில் ஒளியும் நிறமும் உச்சத்தில் இருக்கும். அந்தப் பளபளப்பைக் கழித்துவிட்டால்தான் இரண்டு டிவிகளை நேர்மையாக ஒப்பிட முடியும். பிறகு சாம்பல் படத்தைப் போட்டால் திரையில் அழுக்குபோன்ற திட்டுகள் இருப்பது தெரியும். கறுப்பில் மூலைகளில் ஒளி கசிவது தெரியும். வெள்ளையில் செத்த புள்ளிகள் தெரியும். நீங்கள் பார்ப்பது காட்சிக்கு வைத்த டிவி, வீட்டுக்கு வருவது வேறொன்று என்பதால், இதே சோதனையை வீட்டிலும் மறுபடி செய்ய வேண்டும். கடைசியாக உங்கள் காட்சியைப் போட்டு, வீட்டில் அளந்த அதே தூரத்தில் நின்று பாருங்கள். பக்கவாட்டிலும் நின்று பாருங்கள். கூடம் அகலமாகவும் குடும்பம் பெரிதாகவும் இருந்தால், ஓரத்தில் உட்காருபவருக்கு நிறம் வெளுக்காத திரையே வேண்டும்.

ஒலியை யாரும் சோதிப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்தி வாசிப்பை மட்டும் கேளுங்கள். மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்நோக்கி இருப்பதால் வசனம் குழைந்து கேட்கும். அப்படியிருந்தால் டிவியின் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பாருக்கும் சேர்த்துப் பட்ஜெட் ஒதுக்குங்கள். அதை இணைக்க, எச்.டி.எம்.ஐ. துளைகளில் ஒன்றில், டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் வசதியைக் குறிக்கும் ஏ.ஆர்.சி. என்று குறித்திருக்க வேண்டும்.

விலை பேசும்போது, டிவியின் விலை, வால் மவுண்ட், பொருத்தும் கூலி, போக்குவரத்து, கூடுதல் வாரண்டி ஆகிய ஐந்தையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வட்டியில்லாத் தவணை என்று சொன்னால், மொத்தமாகப் பணம் கட்டினால் என்ன விலை என்று கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடும், செயலாக்கக் கட்டணமும் சேர்ந்ததே அந்தக் கடனின் உண்மையான விலை. கடையில் காட்சிக்கு வைத்திருந்த டிவியையே தள்ளுபடியில் தருவதாகச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன்; பகல் முழுதும் உச்ச ஒளியில் எரிந்த திரை அது.

பில்லும் வாரண்டியும்

பில்லில் மாடல் எண், சீரியல் எண், ஜி.எஸ்.டி., கடையின் முத்திரை ஆகிய நான்கும் இருக்க வேண்டும். எங்கள் உறவினர் ஒருவருக்கு ஒரு கடையில் சீரியல் எண் இல்லாத பில்லைக் கொடுத்துவிட்டார்கள்; எட்டாம் மாதம் பழுதானபோது, அந்தப் பில் அந்த டிவிக்குரியதுதான் என்று மெய்ப்பிக்க அவர் மூன்று வாரம் அலைந்தார். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு பெற்றிருப்பதைக் காட்டும் ஆர் எழுத்தும் எட்டு இலக்கங்களும் டிவியின் பின்பக்கத்தில் இருப்பதையும் பாருங்கள். அது இல்லாத டிவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

கூடுதல் வாரண்டியில் பேனல் அடங்குமா, அதை வழங்குவது டிவி நிறுவனமா வேறொரு காப்பீட்டு நிறுவனமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் பெறுங்கள். பேனல் அடங்காத வாரண்டிக்குப் பணம் கட்டுவது வீண். பிரச்சினை வந்து கடையும் நிறுவனமும் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யலாம். அதிலும் தீராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது.

வீட்டுக்கு வந்த நாளும் அடுத்த பத்து நாளும்

பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே கைபேசியில் வீடியோ எடுக்கத் தொடங்கிவிடுங்கள்; சீல், நான்கு மூலைகள், சீரியல் எண், முதன்முதலாகத் திரை எரிவது வரை ஒரே தொடர்ச்சியாக இருக்கட்டும். திறந்து பார்க்காமல் கையெழுத்துக் கேட்டால், ரசீதில் "பெட்டி திறக்கப்படவில்லை" என்று எழுதிவிட்டே கையெழுத்திடுங்கள்.

இராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சாந்துச் சுவர்களில் டிரில் போட்டால் உள்ளே மணலாக உதிரும். அங்கே சாதாரண பிளாஸ்டிக் பிளக்கில் திருகைப் பொருத்தினால் நாளடைவில் தளர்ந்துவிடும். நீளமான ஆங்கர் போல்ட்டைச் செங்கல்லின் நடுவில் இறக்க வேண்டும், அல்லது சுவரில் ஒரு பலகையை உறுதியாகப் பதித்து அதன் மேல் மாட்ட வேண்டும். டிவிக்கும் சுவருக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி காற்றுக்கு வேண்டும்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு உப்புக்காற்று தனிக் கவலை. கடல்பக்கத்து ஜன்னலுக்கு நேராக டிவியை மாட்டாதீர்கள். ஈரத்துணியால் பின்பக்கத்தைத் துடைக்கவும் கூடாது. உலர்ந்த மென்துணியே போதும். நாளுக்குச் சிறிது நேரமாவது டிவி ஓடினால் உள்ளே ஈரம் தங்காது. துருவும் ஈரமும் பல வாரண்டிகளில் விலக்கப்பட்டவை என்பதால் இந்தக் கவனிப்பு முழுக்க நம் பொறுப்பு.

இன்றைய டிவிகள் பரந்த மின்னழுத்த எல்லையில் இயங்குவதால் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டெபிலைசர் தேவைப்படாது. ஆனால் மின்தடை முடிந்து மின்சாரம் திரும்பும் நொடியில் வரும் திடீர் ஏற்றத்துக்கு ஒரு நல்ல ஸ்பைக் பஸ்டர் வேண்டும். அது வேலை செய்ய வீட்டில் எர்த் இருக்க வேண்டும். செட்டாப் பாக்ஸைத் தொடும்போது விரலில் சுள்ளென்று உணர்ந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் இணைப்பைப் பாருங்கள். இடி மின்னலின்போது பிளக்கை மட்டுமல்ல, கேபிள் வயரையும் கழற்றிவிட வேண்டும்.

முதல் பத்து நாளில் பென் டிரைவ் சோதனையை மறுபடி செய்யுங்கள். எல்லாத் துளைகளிலும் ஏதாவது ஒன்றைச் செருகிப் பாருங்கள். குறை இருந்தால் தொலைபேசியில் சொல்வதோடு நிறுத்தாமல் எழுத்திலும் புகார் அனுப்பி, புகார் எண்ணைப் பில்லின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள். மாற்றித் தரும் காலக்கெடு பெரும்பாலும் மிகக் குறுகியது.

பழைய டிவி

எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதானால், முதலில் உள்ளூர் மெக்கானிக்கிடம் அதற்கு என்ன விலை கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போங்கள். பேனல் நன்றாக உள்ள டிவிக்கு உதிரிபாகமாகவே மதிப்பு உண்டு. பழைய படக்குழாய் டிவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, எல்.இ.டி. வருவதற்கு முந்தைய எல்.சி.டி. திரைகளின் பின்விளக்குக் குழாய்களில் பாதரசம் இருக்கிறது. அவற்றைத் தெருக் குப்பைத் தொட்டியருகே வைத்தால், அவை நம் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்கே போய்ச் சேர்ந்து, அங்கே வாழும் மக்களின் மூச்சிலும் நிலத்தடி நீரிலும் கலக்கும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள், பழைய பொருளின் மறுசுழற்சிக்கான பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதே வைக்கின்றன. டிவி நிறுவனத்தின் சேவை எண்ணில் கேளுங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணிலும் விசாரிக்கலாம். ஸ்மார்ட் டிவியாக இருந்தால், கொடுப்பதற்கு முன் எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, டிவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, வைஃபை கடவுச்சொல் அழிந்திருப்பதை உறுதிசெய்த பிறகு கொடுங்கள்.